லோகேஷ், வயது இரண்டாயிரத்து அறுநூறு

நெடுங்கரைப் பரம்பு மேட்டில் நாலு வயதில் காணாமல் போன லோகேஷ், ஆறு வருஷம் கழித்து அதே பரம்பில், ஆளுயரத் தாழி ஒன்றுக்குள், எழுபது வயதுக் கிழவனாக, செத்து இரண்டாயிரத்து அறுநூறு வருஷம் ஆன எலும்பாகக் கிடைத்தான் என்ற செய்தி ஊருக்குள் வந்தபோது பால்வண்டி இன்னும் வந்திருக்கவில்லை, ஆகையால் டீக்கடையில் கருப்பட்டிக் காப்பி மட்டும்தான் இருந்தது, அதைக் குடித்துக்கொண்டே எல்லோரும் கேட்டோம், கேட்டுவிட்டு, பாவம், எப்படியோ பிள்ளை கிடைத்தானே என்றோம்.

எப்படிப் போனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆற்றில் மணல் அள்ளி அள்ளிக் குழிவிழுந்த ஊர் எங்களுடையது. கன்றுக்குட்டி போயிருக்கிறது, வயலோடு சேர்த்து வரப்பு போயிருக்கிறது, ஒரு தடவை பஞ்சாயத்து டிராக்டரே போய், ஓட்டினவர் மட்டும் ஈரத் தலையோடு வீடு வந்து சேர்ந்தார். போவது எங்களுக்குப் பழக்கம். கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் பழக்கமில்லை.

லோகேஷின் அப்பா சங்கிலி உப்பளத்துக்குப் போகிறவன். அம்மா பேச்சித்தாய் பரம்பில் அகழாய்வுக் குழியில் மண் சுமக்கிறவள். முதல் குழி வெட்டின வருஷம், பிள்ளையைத் தார்ப்பாய்ப் பந்தலின் நிழலில் உட்காரவைத்து, கையில் ஒரு பால் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, மண்கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தபோது நிழல் இருந்தது, கடித்த பிஸ்கட் இருந்தது, பிள்ளை இல்லை. போலீஸ் வந்தது, மோப்ப நாய் வந்தது, நாய் குழியின் விளிம்பு வரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் குழி வெட்ட ஆள் எடுக்கும்போது முதல் ஆளாகப் போய் நின்றவள் பேச்சித்தாய்தான். சம்பளத்துக்கு நிற்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். தொலைத்த இடத்தை விட்டு நகர்ந்தால் பிள்ளை திரும்பி வந்து தேடுவானே என்று நின்றிருக்கிறாள்; இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஆறு வருஷம் பிடித்தது, அவ்வளவு கெட்டிக்காரர்கள் நாங்கள்.

லோகேஷைக் கண்டுபிடித்த மென்பொருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நகரத்துச் சோதனைக்கூடத்தில் இருக்கும் அதற்கு எலும்புப் பொடியின் மரபணுவைப் படித்துக் கொடுத்துவிட்டால் போதும். எவ்வளவு சிதைந்திருக்கிறது, எத்தனை துண்டாக உடைந்திருக்கிறது என்று தானே எண்ணி, தானே கூட்டிக் கழித்து, இத்தனை வருஷம், கூடவோ குறையவோ நூறு என்று வயதைச் சொல்லிவிடும், மனுஷக் கை குறுக்கே வராது, சிபாரிசு செல்லாது, கெஞ்சினால் கேட்காது. இன்னொரு வேலையும் அது செய்யும். குழியில் இறங்கும் ஒவ்வொருவர் கன்னத்திலும் முதல் நாளே பஞ்சுக்குச்சியால் தடவி எச்சில் எடுத்து அனுப்பியிருப்பார்கள், பழைய எலும்பில் எங்கள் வேர்வையோ தும்மலோ ஒட்டியிருந்தால் அடையாளம் கண்டு தள்ளுவதற்காக. அப்படித் தோண்டுகிறவர்களின் சாயலோ அவர்களுடைய நெருங்கிய இரத்தத்தின் சாயலோ ஓர் எலும்பில் தெரிந்தால் அதன்மேல் ‘கலப்படம்’ என்று போட்டு ஓரமாக ஒதுக்கிவிடும். பெரிய தாழியின் எலும்பையும் அது அப்படித்தான் ஒதுக்கியது.

சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் பியூலா, எங்கள் பக்கத்துப் பெண்தான், அதை விட்டுவிட்டு அடுத்த எலும்பை எடுத்திருக்கலாம். ஆனால் அந்த எலும்பில் இருந்தது பேச்சித்தாயின் சாயலில் சரிபாதி. தொட்டு ஒட்டினால் முழுசாக ஒட்டும், பாதியாக ஒட்டாது. பாதியாக வருவது ஒன்று பெற்றவர், இல்லையென்றால் பிள்ளை. பேச்சித்தாயின் அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள், அப்பா ரைஸ் மில்லில் காவல் இருந்தார். பியூலா கடைவாய்ப் பல்லைப் பிளந்து, எந்தக் கையும் படாத உள்ளிடத்தில் பொடி எடுத்து மறுபடி போட்டாள். மறுபடியும் அதே வயது, அதே பாதி, அதே கலப்படம். அதற்குமேல் போட்டுப் பார்க்காமல் ஜீப்பில் ஏறி வந்துவிட்டாள்.

தார்ப்பாய்ப் பந்தலில் ஒரு மண்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பேச்சித்தாயை உட்காரவைத்து, பியூலா எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சித்தாய் அழவில்லை. எலும்பு சொல்லக்கூடியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். பல் தேய்ந்திருக்கிறது, ஆகவே வாய்க்கு ஏதோ கிடைத்திருக்கிறது. முதுகு வளைந்திருக்கிறது, ஆகவே பாடுபட்டிருக்கிறான். ஐந்தாறு வயதில் தொடை எலும்பு முறிந்திருக்கிறது, யாரோ நேராக இழுத்துவைத்துக் கட்டி, அசையாமல் படுக்கவைத்து, நடக்க முடியாத அத்தனை மாதமும் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள், முறிந்த இடம் அவ்வளவு சீராகக் கூடியிருக்கிறது.

“யாரு சுமந்தா?” என்றாள் பேச்சித்தாய்.



ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதம் வேறு. போலீஸ் ஸ்டேஷனில், காணாமல் போன பிள்ளை கிடைத்துவிட்டதால் வழக்கை முடித்துவிடலாம் என்றார்கள், பிறகு இறந்தவரின் வயது எழுபது, தாயாரின் வயது முப்பத்துநாலு என்று கண்டதும் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை மூடிவிட்டார். அடுத்து, இது பிள்ளைச் சாவா கல்யாணச் சாவா என்ற பிரச்சினை வந்தது. பெற்றவள் உயிரோடிருக்கும்போது மேளம் கூடாது என்று ஒரு கட்சியும், எழுபது வயதுப் பெரியவரை மேளமில்லாமல் அனுப்பினால் ஊருக்கு ஆகாது என்று ஒரு கட்சியும் கோயில் முன்னால் தொண்டை கட்டும்வரை பேசி, கடைசியில் மேளம் ஜெயித்தது, ஏனென்றால் மேளத்தை விரும்புகிறவர்கள் எப்போதும் அதிகம். எலும்பு நகரத்தில் இருந்ததால் வெறும் பாடையைப் பூக்கட்டித் தூக்கினோம். மேளக்காரர்கள் நன்றாக அடித்தார்கள். பேச்சித்தாய் வீட்டுக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊர்த்தலைவர் ஐகோர்ட் துரை, லோகேஷுக்குப் பிள்ளைகுட்டி இருந்திருக்குமா என்று பியூலாவிடம் கேட்டுவைத்தார், அந்தப் பெண்ணும் சூதுவாது தெரியாமல், இருந்து தழைத்திருந்தால் இத்தனை காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரமே அவர் வழி வந்ததாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில், எழுபது தாண்டிய ஐகோர்ட் துரை, வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பேச்சித்தாயின் காலில் சாஷ்டாங்கமாக விழுந்தார். அவரைப் பார்த்து ஊரே விழுந்தது. ஊர் முழுக்க லோகேஷ் வம்சம் என்றால் பேச்சித்தாயும் அதில் அடக்கம், அப்படிப் பார்த்தால் அவள் தன் பிள்ளைக்கே பேத்தி முறை என்று டீக்கடையில் ஒருவர் கிளப்ப, பெற்ற முறைதான் பெரிய முறை என்று தீர்ப்பாகி, அன்று முதல் அவள் எங்களுக்கு ஆத்தா. ஐகோர்ட்டு என்ற பெயரில் சாமி இருக்கிற சீமை இது, லோகேஷ் என்ற பெயரிலும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று பரம்பின் அடியில் பீடம் கட்டி, பால் பிஸ்கட் படைத்து, கொடைத் திருவிழாவுக்கு நாளும் குறித்தோம். முதல் மாலை சங்கிலிக்கு. மாலையும் மரியாதையுமாக ஆனபின் அவன் அழுவதை விட்டுவிட்டான், வேட்டியைக்கூட வெளுப்பாகக் கட்டத் தொடங்கினான்.

திருநீறு வாங்க வந்து நின்ற பெண்களிடம் ஒருநாள் பேச்சித்தாய் சொன்னாள். “ஒங்க எல்லாருக்கும் கிழவன் கெடச்சிட்டான். எம் பிள்ளயத்தான் இன்னும் காணோம்.”

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆத்தா வாக்கு என்று சொல்லித் திருநீறு வாங்கிப் போனார்கள்.

எலும்பையாவது தாருங்கள், மடியில் ஒரு தடவை வைத்துவிட்டுப் புதைத்துக்கொள்கிறேன் என்று அவள் அகழாய்வு அதிகாரியிடம் கேட்டாள். அவர் நல்ல மனுஷர், ஆனால் நூறு வருஷத்தைத் தாண்டியது அரசாங்கத்தைச் சேரும் என்பதில் அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. பியூலாவிடம் போனில் கேட்டாள். என்னால் முடிந்தால் பத்தே வருஷம் என்று சொல்லச் சொல்லிவிடுவேன் அக்கா, அது யார் பேச்சையும் கேட்காது என்றாள் பியூலா. வயது குறைந்தால் பிள்ளை அம்மாவுக்கு, கூடினால் அரசாங்கத்துக்கு. லோகேஷ் கூடின பக்கம் இருந்தான்.

இந்த நிலையில்தான் இரண்டாவது தாழி வந்தது. முதல் தாழி இருந்த அதே ஆழத்தில், அதனோடு தோள் உரசுகிற மாதிரி சாய்ந்திருந்தது, உள்ளே ஒரு வயதான பெண்ணின் எலும்பு. அது யார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பிள்ளை போன வழியில் தாயும் போவாள், போய் அவனைத் தூக்கி வளர்த்து, அவன் பக்கத்திலேயே அடங்குவாள். இதைக் கண்டுபிடிக்க டாக்டருக்குப் படித்திருக்க வேண்டுமா என்றோம். பேச்சித்தாயும் அப்படியே நம்பினாள். ஆறு வருஷமாக நாங்கள் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. அந்தக் காலைக் கட்டியதும் தான்தான், தூக்கிச் சுமந்ததும் தான்தான் என்று தெரிந்துகொண்டவளின் நிம்மதி அது.

தாழி எலும்பின் பொடி நகரத்துக்குப் போயிற்று. முடிவு வருவதற்குள் அவள் புறப்படத் தயாராகிவிட்டாள். லோகேஷின் சின்னச் செருப்பு, காய்ச்சல் மாத்திரை, தைலம், முறிந்த காலைக் கட்ட மல்துணி, கொசுவலை, பால் பிஸ்கட் என்று ஒரு துணிப்பை நிறைந்தது. கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதுபோல் வீட்டுக்கு வீடு கூப்பிட்டுச் சோறு போட்டோம். போகிற போக்கில் இதையும் கொடுத்துவிடு என்று கருவாடும் வெல்லமும் விதைநெல்லுமாகப் பொட்டலங்கள் சேர்ந்தன. ஆற்றோரத்து நிலத்தை மட்டும் எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று முன்னோர்களிடம் கண்டித்துச் சொல்லச் சொன்னார் ஐகோர்ட் துரை. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பையோடு போய், பிள்ளை உட்கார்ந்திருந்த அதே பந்தல் நிழலில் நாள்தோறும் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் சங்கிலி அங்கே போய் வெளுத்த வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்தான். “ஏட்டி, நானும் வரட்டா?” என்றான்.

“தாழி ரெண்டுதான இருக்கு,” என்றாள் பேச்சித்தாய்.

அன்றைக்குத்தான் சங்கிலி மறுபடி அழுதான்.

முடிவு வந்தது. வயது இரண்டாயிரத்து அறுநூறு. சுத்தமான மாதிரி. கலப்படம் இல்லை. தோண்டுகிறவர்களில் எவரோடும் உறவில்லை. அது பேச்சித்தாய் இல்லை, அவள் வழி வந்தவளும் இல்லை, யாரோ ஒருத்தி. பேச்சித்தாய் எங்கேயும் போகப் போவதில்லை. எங்களுக்கு என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியவில்லை. தெரியாததால் அவரவர் பொட்டலத்தை அவரவர் திருப்பி வாங்கிக்கொண்டோம்.

அவள் துணிப்பையோடு பஸ் ஏறிச் சோதனைக்கூடத்துக்குப் போனாள். துணைக்கு எங்களில் இரண்டு பேர் போனோம். பியூலா எங்களுக்குத் தொப்பியும் முகமூடியும் மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்தினாள். அந்தப் பக்கம், வெள்ளைத் துணியில், அந்தப் பெண்ணின் எலும்புகளை வரிசையாகப் பரப்பியிருந்தார்கள்.

“யாரு டாக்டரம்மா அவ?”

“பேரெல்லாம் எலும்புல இருக்காதுக்கா,” என்றாள் பியூலா. பிறகு இருந்ததைச் சொன்னாள். சாகும்போது அறுபதைத் தாண்டியவள், தாழி புதைந்திருந்த விதத்தைப் பார்த்தால் லோகேஷுக்குச் சில வருஷம் முன்னால் அடங்கியவள். பிள்ளை பெற்ற அடையாளம் எதுவும் தெரியவில்லை. இடது இடுப்பெலும்பு மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, இடுப்பில் தாங்கமாட்டாத கனத்தை நெடுநாள் வைத்துச் சுமந்தவர்களுக்கு அப்படித் தேயும்.

“எம் பிள்ள அவளத்தான் அம்மான்னு கூப்பிட்டிருப்பான்.”

முகமூடிக்கு மேலே பேச்சித்தாயின் கண்கள் கறுத்துப்போனதை நாங்கள் பார்த்தோம். செத்து மண்ணாகிப்போன ஒருத்தியின்மேல், சண்டைக்குக்கூடக் கூப்பிட முடியாத ஒருத்தியின்மேல், அப்படி ஒரு பொறாமை. கண்ணாடியை உடைத்துவிடுவாளோ என்று பயந்து எங்களில் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் அந்தத் தேய்ந்த இடுப்பெலும்பையே பார்த்துக்கொண்டு நின்றவள், பிறகு எங்களிடம் இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொன்னாள்.

“நல்ல கனமுள்ள பிள்ளல்லா. இடுப்பு நொந்திருக்கும்.”

இனி இவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பியூலா மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் சுத்தமான மாதிரி என்பதால் அவளைப் பற்றி எழுதுவார்கள், அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். லோகேஷ் கலப்படம். அவனை எழுத முடியாது, வைக்கவும் முடியாது. பின்னறையில் ஒரு டப்பாவில் இருப்பான், அதை இனி யாரும் திறக்கப்போவதில்லை.

“அவ பக்கத்துல வைக்க வழியே இல்லையா?”

ஒரே ஒரு வழி இருந்தது. எச்சில் கொடுத்தவர் யாராயிருந்தாலும், எப்போது வேண்டுமானாலும், என்னுடையதைப் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கலாம், கேட்டால் எடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. பேச்சித்தாயின் எச்சிலை எடுத்துவிட்டால் மென்பொருளுக்கு அவளைத் தெரியாது. அவளைத் தெரியாவிட்டால் லோகேஷ் கலப்படம் இல்லை, அந்தக் காலத்து மனுஷன். அந்தப் பெண்ணோடு ஒரே பெட்டியில் வைக்கலாம். ஆனால் எடுத்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது. அவன் உங்கள் பிள்ளை என்பது அதற்குப் பிறகு எந்த இடத்திலும் இருக்காது அக்கா என்றாள் பியூலா.

“எடுத்துருங்க.”

“வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டுச் சொல்லுங்கக்கா.”

“பெத்தவ தொட்டது கலப்படம்னா, நான் தொடவே இல்லன்னு இருக்கட்டும். சொமந்தவ பக்கத்துல அவன வையிங்க.”

பியூலா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்தாள். பிறகு லோகேஷை மறுபடி உள்ளே அனுப்பினாள், அது தானே எண்ணி, தானே கூட்டிக் கழித்து, ஒரு சோற்றுவேளைக்குள் சொல்லிவிட்டது. ஆண். வயது இரண்டாயிரத்து அறுநூறு. சுத்தமான மாதிரி. உறவு யாருமில்லை. திரையில் வந்ததைப் பியூலா படித்துச் சொன்னபோது, உறவு யாருமில்லை என்ற இடத்தில் பேச்சித்தாய் துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸிலும் அதை மடியைவிட்டு இறக்கவில்லை.

ஊருக்குக் கோபம் வந்தது. எங்கள் ஆதிக்கிழவனை எவளோ பேர்தெரியாத ஒருத்திக்குத் தாரைவார்த்துவிட்டாள், இனி நாங்கள் யார் வம்சம் என்று சொல்லிக்கொள்வது என்று கொஞ்சநாள் அவளோடு யாரும் பேசவில்லை. பிறகு கொடை நாள் வந்தது, மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டது, பந்தலும் போட்டாகிவிட்டது, ஆகவே லோகேஷ் சாமிக்குக் கொடை நடந்தது. முதல் மாலையைச் சங்கிலி வாங்க மறுத்துவிட்டதால் ஐகோர்ட் துரை வாங்கிக்கொண்டார். காலில் விழுவதை நாங்களே மெல்ல விட்டுவிட்டோம். ஆத்தா என்பது போய் பழையபடி பேச்சி ஆனாள், குழி வெட்ட ஆள் எடுத்தபோது அந்த வருஷம் அவள் போகவில்லை.

அருங்காட்சியகம் திறந்ததும் வேன் பிடித்து எல்லோரும் போனோம். பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவளுடைய துணிப்பையையும். உள்ளே பெரிய கண்ணாடிப் பெட்டியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள், மேலே மஞ்சள் விளக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் நின்றது, சுற்றிக் காட்டுகிற பெண் குச்சியை நீட்டி அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இவங்க அம்மா, இது அவங்க மகன். சின்ன வயசுல மகனுக்குக் கால் ஒடஞ்சிருக்கு, அம்மாதான் தூக்கி வளத்திருக்காங்க.”

ஐகோர்ட் துரை வாயைத் திறந்தார். பேச்சித்தாய் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“சரியாத்தான சொல்லுதாவ,” என்றாள்.

பிள்ளைகள் அடுத்த பெட்டிக்குப் போனபின் அவள் மட்டும் கிட்டே போனாள். குனிந்து, அந்தக் கூடின தொடை எலும்பையும், பக்கத்திலிருந்த தேய்ந்த இடுப்பெலும்பையும் மாறிமாறிப் பார்த்தாள். கை தன்னால் எழும்பியது. கண்ணாடியைத் தொடக் கூடாது என்று காவலர் மூலையிலிருந்து குரல் கொடுத்தார். அவர் சொல்வதற்கு முன்பே அவள் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள், தொட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.